அப்பாவின் நோட்டில் உள்ள நூலக எண்கள்: சேப்பாக்கம் பல்கலைக்கழக நூலகம் பற்றித் தெரிந்தவர்கள் உதவுங்கள்

பதிவு 1 | வெண்ணாறு

எல்லாருக்கும் வணக்கம். போன ஐப்பசியில் அப்பா தவறிட்டாங்க. அவங்க பெட்டியை ஒழிக்கும்போது ஒரு நாற்பது பக்க நோட்டு கிடைச்சுது. மேலே "லைப்ரரி, சேப்பாக்கம்" என்று மட்டும் எழுதியிருக்கு. அப்பா 1966லிருந்து 68 வரை மெட்ராஸில் எம்.ஏ. பொருளாதாரம் படிச்சாங்க. திருவல்லிக்கேணியில் ஒரு மேன்ஷனில் தங்கியிருந்ததாகச் சொல்வாங்க. சாயங்காலம் ஆனால் பல்கலைக்கழக நூலகத்தில்தான் இருப்பாங்களாம்.

நோட்டில் புத்தகப் பெயரே கிடையாது. வரிக்கு வரி எண்கள், நடுநடுவே ஆங்கில எழுத்துகள், புள்ளிகள். சங்கேத மொழி மாதிரி இருக்கு. கொஞ்சம் இங்கே தர்றேன். ஆங்கில எழுத்துகளைத் தமிழிலேயே எழுதியிருக்கேன், பொறுத்துக்கோங்க:

ஓ31,1எம்82
ஓ111,2ஜே64
எக்ஸ்62.44
வி44

ஒரு வரியில் முதல் எழுத்து எண்ணெய் பட்டு அழிஞ்சிருக்கு. மிச்சம் 381:4 என்று படிக்க முடியுது. இன்னொன்று "ஆர்." என்று தொடங்கி நாலு இலக்க எண், பக்கத்தில் "ராமுவுக்காக" என்று பென்சிலில் இருக்கு. ராமு மாமா அப்பாவோட சிநேகிதர், அவரும் இப்போ இல்லை.

அப்பா என்னென்ன படிச்சாங்கன்னு தெரிஞ்சுக்கணும். அவ்வளவுதான். யாராவது சொல்ல முடியுமா?


பதிவு 2 | திருவல்லிக்கேணியான்

ஆழ்ந்த இரங்கல், சகோதரி. நானும் அதே நூலகத்தில் வெயிலுக்கு ஒதுங்கி வாசகன் ஆனவன். உங்கள் அப்பாவுக்கு ஒரு இருபது வருஷம் கழித்து. கடற்கரைக் காற்று சன்னல் வழியாக வந்து மேசை மேல் இருக்கும் தாளைப் புரட்டும். சாப்பாட்டுக்குக் காசு இல்லாத நாளிலும் அந்த மேசை இருந்தது.

எண்களைப் பற்றி என் ஊகம்: எம்82 என்பது 1982 பதிப்பாக இருக்கலாம். ஆனால் அப்பா 68லேயே படிப்பை முடித்துவிட்டார் என்கிறீர்கள். அப்படியானால் ரேக் எண்ணாக இருக்குமோ? எம் வரிசை, 82ஆவது தட்டு.


பதிவு 3 | அட்டைப்பெட்டி

ரேக் எண் இல்லை ஐயா. அது கோலன் பகுப்பு, புத்தகங்களைப் பொருள்வாரியாகப் பிரித்து எண் கொடுக்கும் ஒரு முறை. நான் முப்பத்திரண்டு வருஷம் அரசுக் கல்லூரி நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அந்த வரிகளைப் பார்த்ததும் பழைய சிநேகிதியின் கையெழுத்தைப் பார்த்த மாதிரி ஆகிவிட்டது.

வெண்ணாறு, உங்கள் அப்பா முதலில் எழுதியிருப்பது பாரதியார் கவிதை.

எப்படி என்று சொல்கிறேன். 'ஓ' என்றால் இலக்கியம். 31 என்றால் தமிழ். காற்புள்ளிக்குப் பிறகு வரும் 1 கவிதை. 'எம்' என்ற எழுத்து 1800களைக் குறிக்கும், 82 அந்த நூற்றாண்டுக்குள் ஆண்டு. ஆக 1882இல் பிறந்த தமிழ்க் கவிஞர். அந்த ஆண்டு டிசம்பர் 11இல் எட்டயபுரத்தில் பிறந்தவர் யார் என்று உங்களுக்கே தெரியும்.

இரண்டாவதும் அதே கணக்குத்தான். 111 ஆங்கிலம், 2 நாடகம், 'ஜே' 1500கள், 64. 1564இல் பிறந்த ஆங்கில நாடகாசிரியர். ஷேக்ஸ்பியர்.

எக்ஸ் என்றால் பொருளாதாரம், 62 வங்கி, புள்ளிக்குப் பிறகு வரும் 44 இந்தியா. இந்தியாவில் வங்கித்துறை. இது பாடப் புத்தகமாக இருக்கும். வி44 இந்திய வரலாறு.

ஒரு எழுத்தாளரின் பிறந்த ஆண்டையே அவருக்கு அடையாளமாகக் கொடுத்தது இந்த முறையில் எனக்கு மிகப் பிடித்த விஷயம். ஒரு ரேக் முன்னால் நின்று இடமிருந்து வலமாக நடந்தால் தமிழ்க் கவிதையின் காலத்தோடு நடக்கிறோம். அகரவரிசையில் அடுக்கினால் அது கிடைக்காது.

கடைசி இரண்டுக்கும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். நாளைக்கு எழுதுகிறேன் அம்மா.


பதிவு 4 | வெண்ணாறு

அம்மா, படிச்சிட்டு கொஞ்ச நேரம் எதுவும் எழுத முடியல. அப்பா பாரதி பாட்டு பாடி நான் கேட்டதே இல்லை. வீட்டில் பாரதி புத்தகமும் கிடையாது. அந்த வரிக்குப் பக்கத்தில் மட்டும் மூணு தேதி போட்டிருக்காங்க. மூணு தடவை எடுத்திருக்காங்க போல.

நோட்டில் இன்னும் நாற்பது, ஐம்பது எண் இருக்கு. நானே படிக்கக் கத்துக்க முடியுமா?


பதிவு 5 | நெய்தல்நிலவன்

முடியும், சொல்லித் தரத்தான் இவ்வளவு பேர் இருக்கோமே. நான் நூலக அறிவியல் ஆய்வு மாணவன். அம்மா சொன்னதோடு கொஞ்சம் பின்கதை சேர்க்கிறேன், ஏன்னா இந்த முறை பிறந்ததே நீங்க சொல்ற அதே பல்கலைக்கழக நூலகத்துக்காகத்தான்.

இதை உருவாக்கின எஸ்.ஆர். ரங்கநாதன் சீர்காழிக்காரர், 1892இல் பிறந்தவர். சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கணிதம் படிச்சு, மாநிலக் கல்லூரியில் கணித ஆசிரியரா இருந்தார். 1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகரா வந்தார். நூலகப் பயிற்சி எதுவும் கிடையாது. வகுப்பில் மாணவர்களுக்கு நடுவில் நின்ற மனுஷனுக்கு அந்தத் தனிமை தாங்கல. ஒரு வாரத்திலேயே என்னைக் கல்லூரிக்கே அனுப்பிடுங்கன்னு போய் நின்னார். முதலில் லண்டன் போய்ப் படிச்சிட்டு வாங்க, அப்புறமும் மனசு மாறலேன்னா திரும்பிப் போகலாம்னு பேசி அனுப்பி வைச்சாங்க.

லண்டனில் பெர்விக் சேயர்ஸ் அவருக்கு ஆசிரியர். சேயர்ஸ் கிராய்டன் பொது நூலகத்தின் தலைவர். ரங்கநாதன் அங்கே நூற்றுக்கும் மேற்பட்ட நூலகங்களைப் போய்ப் பார்த்தார். அப்போ இருந்த பகுப்பு முறைகள் எல்லாம் அவருக்கு ஒரு மர அலமாரி மாதிரி தெரிஞ்சுது. அறை அறையா முன்கூட்டியே தடுத்து வைச்சாச்சு, புதுசா ஒரு பொருள் வந்தா இருக்கிற அறைக்குள்ள திணிக்கணும். ஒருநாள் செல்ஃப்ரிட்ஜஸ் கடையில் மெக்கானோ விளையாட்டுச் சாமானை விற்பனையாளர் செய்து காட்டுறதைப் பார்க்கிறார். அதே பட்டைகள், அதே திருகாணிகள், வேற வேற மாதிரி கோர்த்தா வேற வேற பொம்மை. பகுப்பும் இப்படித்தான் இருக்கணும்னு அங்கேயே தோணிடுச்சு. 1925இல் கப்பலில் ஊர் திரும்பும்போது கப்பல் நூலகப் புத்தகங்களை வைச்சே முறையைச் சோதிச்சுப் பார்த்தார்.

அப்புறம் மாநிலக் கல்லூரிக்குத் திரும்பிப் போகவே இல்லை. சுமார் இருபது வருஷம் இந்த நூலகம்தான்.


பதிவு 6 | அட்டைப்பெட்டி

தம்பி அழகாகச் சொல்லிவிட்டார். அந்தத் திருகாணிகள்தான் நிறுத்தக்குறிகள், வெண்ணாறு. நோட்டைப் படிக்க உங்களுக்கு வேண்டியது இதுதான்.

ஒரு புத்தகத்தின் பொருளை ஐந்து கேள்வியால் உடைக்க வேண்டும். எதைப் பற்றியது? எந்தப் பொருளால் ஆனது? அதன் மேல் என்ன செயல் நடக்கிறது? எந்த இடம்? எந்தக் காலம்? முதல் கேள்வியின் விடைக்கு முன்னால் காற்புள்ளி, இரண்டாவதற்கு அரைப்புள்ளி, மூன்றாவதற்கு முக்காற்புள்ளி, இடத்துக்குப் புள்ளி, காலத்துக்கு மேலே ஒற்றை மேற்கோள். கால், அரை, முக்கால் என்று நம் மொழியிலேயே அளந்து வைத்த பெயர்கள். ஆசிரியர் கரும்பலகையில் எழுதியபோது தமிழ்வழியில் படித்து வந்த எங்களுக்குச் சட்டென்று பிடித்துக்கொண்டது.

வகுப்பில் எங்களை மனப்பாடம் செய்ய வைத்த எண் இது: எல்,45;421:6;253:எஃப்.44'என்5. மிரளாதீர்கள். எல் மருத்துவம். 45 நுரையீரல். 421 காசநோய். 6 சிகிச்சை. 253 எக்ஸ் கதிர். எஃப் ஆராய்ச்சி. 44 இந்தியா. என்5 என்றால் 1950கள். இந்தியாவில் 1950களில், நுரையீரல் காசநோய்க்கு எக்ஸ் கதிர் கொண்டு சிகிச்சை தருவது பற்றிய ஆராய்ச்சி. ஒரு முழு வாக்கியத்தையே புத்தகத்தின் முதுகில் எழுதிவிடலாம்.

1933இல் வந்த முதல் பதிப்பில் இத்தனை குறிகள் கிடையாது. முக்காற்புள்ளி ஒன்றுதான், அதனால்தான் கோலன் என்ற பெயரே வந்தது. மற்றவை ஐம்பதுகளிலும் அறுபதுகளின் தொடக்கத்திலும் சேர்ந்தவை. அப்பா படித்த காலத்துக்குக் கணக்குச் சரியாக வருகிறது.


பதிவு 7 | கல்வெட்டான்

நல்ல இழை. ஆனால் ஒரு மாற்றுக் கருத்தைப் பதிவு செய்யாமல் போக மனம் வரவில்லை. அந்த நீண்ட எண்ணைப் பார்த்துத் தலை சுற்றாத வாசகர் எத்தனை பேர்? இன்று நம் ஊரில் எந்தக் கல்லூரி நூலகத்துக்குப் போனாலும் பெரும்பாலும் டூயி தசமப் பகுப்பு என்ற வேறொரு முறைதான். கிளை நூலகத்தில் கேட்டால் கோலனைப் பற்றித் தெரிந்தவர் கிடைப்பது அரிது. ரங்கநாதன் பெரிய மனிதர், மறுக்கவில்லை. ஆனால் அவர் முறை நடைமுறையில் தோற்றுவிட்டது என்பதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். அவர் பிறந்தநாள் என்று ஆகஸ்ட் 12இல் மாலை போட்டுவிட்டு, கடமை முடிந்தது என்று இருந்துவிடுகிறோம்.

இன்னொன்று. பிறந்த ஆண்டை அடையாளமாக வைத்தது அழகு என்கிறீர்கள். பாரதிக்குச் சரி. வள்ளுவருக்கு? ஔவையாருக்கு? சங்கப் புலவர்களில் ஒருவருக்காவது பிறந்த ஆண்டு உண்டா? தமிழ் இலக்கியத்தின் பாதிப் பரப்புக்கு அந்த விதி நொண்டுகிறது.


பதிவு 8 | நெய்தல்நிலவன்

வள்ளுவர் கேள்வி நியாயம் ஐயா. அங்கே நூலகர் வேற வழிதான் பார்க்கணும். காலம் தெரியாத தொகைநூல்கள் எல்லா முறைக்கும் முள்தான்.

தோற்றுவிட்டது என்பதை மட்டும் ஒத்துக்க முடியல. எண்ணை விட்டுட்டு எண்ணத்தைப் பாருங்க. லண்டனில் 1952இல் பகுப்பாய்வுக் குழுன்னு ஒண்ணு தொடங்கினாங்க, அவங்க கையில் எடுத்தது ரங்கநாதனோட முகப்புப் பகுப்பை, அதாவது அம்மா சொன்ன மாதிரி ஒரு பொருளைக் கேள்வி கேள்வியா உடைக்கிற முறையைத்தான். 1950இல் தொடங்கின பிரிட்டிஷ் தேசிய நூல்விவரப் பட்டியல் அவரோட சங்கிலி முறையில்தான் பொருளடைவு தயாரிச்சுது. எண்ணின் ஒவ்வொரு கண்ணியையும் பின்னாலிருந்து பிரிச்சு ஒவ்வொரு தலைப்பா எழுதுறது அந்த முறை. இன்னிக்கு ஒரு இணையக் கடையில் சேலை வாங்கப் போனா நிறம், துணி, விலை, ஊர்னு தனித்தனியா தேர்ந்தெடுத்து வடிகட்டுறோமே, அது ஒரு பொருளை முகம் முகமா உடைக்கிற அதே சிந்தனை.


பதிவு 9 | அட்டைப்பெட்டி

கல்வெட்டான் ஐயா சொன்னதில் ஒரு வலி எனக்கும் உண்டு, மறைக்க மாட்டேன். ரங்கநாதன் ஓயாமல் திருத்திக்கொண்டே இருந்தார். 1933, 39, 50, 52, 57, 60 என்று ஆறு பதிப்பு. 1963இல் மாற்றங்களோடு மறுஅச்சு. ஏழாவது அவர் இறந்து பதினைந்து வருஷம் கழித்து 1987இல் வந்தது. சிந்திக்கிறவருக்கு அது வளர்ச்சி. ஆனால் ஆயிரக்கணக்கான புத்தக முதுகில் வெள்ளை மையில் எண் எழுதி, அட்டை தட்டச்சு செய்து, டிரேயில் கோர்த்து வைத்த எங்களுக்கு? ஒரு பதிப்பு மாறினால் பழைய எண்ணும் புது எண்ணும் ஒரே ரேக்கில் முட்டிக்கொள்ளும். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் கல்லூரியில் இரண்டு பதிப்பின் எண்களும் கலந்து கிடந்தன. ஒரு கோடை விடுமுறை முழுக்க உதவியாளரும் நானும் உட்கார்ந்து மாற்றினோம். முதுகு வலியோடு அவரை நொந்துகொண்ட நாளும் உண்டு.

டூயி வென்றதற்கு அதுவும் ஒரு காரணம். ஆள் இல்லாத, பயிற்சி இல்லாத நூலகத்துக்கு நிலையாக இருக்கும் முறைதான் தோது.

ஆனாலும் ஐயா, அந்த எண்ணை வாசகர் படிக்க வேண்டும் என்று அவர் நினைக்கவே இல்லை. அது நூலகர் படிக்க. வாசகர் ரேக்குக்கு நடந்து போனால் அவருக்கு வேண்டிய புத்தகமும், அதற்கு உறவான புத்தகமும் அடுத்தடுத்து நிற்க வேண்டும். அதற்காகத்தான் இத்தனை பாடும். அவர் வருவதற்கு முன்னால் நூலகம் என்றால் பூட்டிய அலமாரி. சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். இவர் அலமாரியைத் திறந்துவிட்டார். காலையிலிருந்து இரவு வரை, ஞாயிறும் சேர்த்துத் திறந்து வைத்தார். வேலைக்குப் போகிறவன் எப்போது வருவான் என்று யோசித்து வைத்த நேரம் அது. வெண்ணாறின் அப்பா சாயங்காலம் சாயங்காலம் போனார் என்றால், அப்படிப் போக முடிகிற மாதிரி ஒருவர் முன்பே வேலை செய்து வைத்திருந்தார்.


பதிவு 10 | திருவல்லிக்கேணியான்

என் எம்82 ஊகத்தைத் திருத்தியதற்கு நன்றி அம்மா. முப்பது வருஷம் அந்த முதுகுகளைப் பார்த்தும் ஒருநாள் கேட்கத் தோன்றவில்லையே என்று இருக்கிறது.

கட்டடத்தைப் பற்றி ஒன்று. நூலகம் 1907இல் தொடங்கியது, ஆனால் சொந்த வீடு இல்லாமல் வெகுகாலம் கன்னிமாரா பக்கம் ஒண்டுக்குடித்தனம். கடற்கரையைப் பார்த்த இப்போதைய கட்டடத்துக்கு 1936இல்தான் குடி வந்தது. அதற்குள் ஐந்து விதிகள் எழுதியாகிவிட்டது, கோலன் முதல் பதிப்பு வந்துவிட்டது, நூலகப் பள்ளியும் நடந்துகொண்டிருந்தது. பெரிய வேலைகள் எல்லாம் இடமில்லாத காலத்திலேயே நடந்திருக்கின்றன.


பதிவு 11 | நெய்தல்நிலவன்

ஐந்து விதின்னு சொன்னதும் ஞாபகம் வருது. 1928இல் அவர் மனசில் ஏகப்பட்ட நடைமுறைகள் குவிஞ்சு கிடக்கு, எல்லாத்தையும் கட்டிப்போடுற அடிப்படை என்னன்னு தேடித் தவிக்கிறார். அவரோட கணித ஆசிரியர் எட்வர்டு ராஸ் ஒரு சாயங்காலம் பார்க்க வர்றார். இவர் புலம்புறதைக் கேட்டுட்டு, நீ சொல்ல வர்றது புத்தகங்கள் பயன்படுத்துவதற்கே என்பதுதானேன்னு ஒரே வரியில் முடிச்சுட்டுக் கிளம்பிட்டார். அதுதான் முதல் விதி. மற்ற நாலும் அதிலிருந்து மளமளன்னு வந்துடுச்சு: ஒவ்வொரு வாசகருக்கும் அவரவர் நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதன் வாசகர், வாசகரின் நேரத்தைச் சேமி, நூலகம் வளரும் உயிர். அந்த டிசம்பரில் சிதம்பரத்துல, அண்ணாமலை நகரில் நடந்த கல்வி மாநாட்டில்தான் முதன்முதலா பொதுவில் பேசினார். 1931இல் சென்னை நூலகச் சங்கம் புத்தகமா போட்டுது.

வெண்ணாறு அக்கா, உங்க பெயரைப் பார்த்தா மன்னார்குடி, நீடாமங்கலம் பக்கம்னு தோணுது. சரியா? ஆமாம்னா உங்க ஊருக்கும் இதில் பங்கு இருக்கு.


பதிவு 12 | வெண்ணாறு

ஆமாம் தம்பி, மன்னார்குடிதான் எங்களுக்கு டவுன். என்ன பங்கு?


பதிவு 13 | நெய்தல்நிலவன்

1931 அக்டோபரில் மன்னார்குடி கனகசபைப் பிள்ளை ஒரு மாட்டு வண்டியில் புத்தக அலமாரி கட்டி ஊர் ஊரா அனுப்பினார். மேலவாசலில் தொடங்கினது. ரங்கநாதனோட இயக்கம் மூட்டின ஆர்வம் அது. புத்தகம் வாசகரைத் தேடிப் போகணும்கிற விதி, வண்டிப் பாதையில் போய்ப் பார்த்த இடம் உங்க ஊர்.


பதிவு 14 | ஓலைக்கட்டு

தாமதமாக வருகிறேன். அந்த "ஆர்." எண்ணைப் பற்றி யாரும் சொல்லவில்லையே.

கோலனில் ஆர் என்றால் தத்துவம். ஆனால் ஆர் எழுதிப் புள்ளி வைத்து நேராக நாலு இலக்கம் வருகிறது, நடுவில் எந்தக் குறியும் இல்லை என்றால் அது வேறு வீட்டு எண்ணாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் சுவடிகளுக்கு 'டி', 'ஆர்' என்று இரண்டு வரிசை எண்கள் உண்டு. அந்த நூலகம் பல பத்தாண்டுகள் சேப்பாக்கம் பல்கலைக்கழக நூலகக் கட்டடத்துக்குள்ளேயே இயங்கியது. ஒரே கூரை. உங்கள் அப்பா ராமு என்ற நண்பருக்காக அங்கே போய் ஒரு சுவடியைப் பார்த்திருக்கலாம், அல்லது படியெடுத்திருக்கலாம்.

நான் அங்கே ஏடு படித்தவன் என்பதால் அதைப் பற்றிச் சில வார்த்தை. அதன் வேர் காலின் மெக்கன்சியின் சேகரிப்பு. ஸ்காட்லாந்தின் லூயிஸ் தீவுக்காரர், நில அளவைக்கு வந்தவர், 1815இல் இந்தியாவின் முதல் தலைமை நில அளவையாளர் ஆனார். அளந்துகொண்டு போன ஊரிலெல்லாம் சுவடி, கல்வெட்டுப் படி, நாணயம், ஊர்க்கதை என்று திரட்டினார். திரட்டினார் என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம், உண்மையில் கோவில் வாசலிலும் கர்ணம் வீட்டுத் திண்ணையிலும் உட்கார்ந்து கேட்டு எழுதியவர்கள் காவலி வெங்கட போரையா, அவர் தம்பி லட்சுமையா முதலிய நம் ஆட்கள். மெக்கன்சிக்குத் தென்னிந்திய மொழிகள் தெரியாது. அந்தச் சகோதரர்களின் பெயரைச் சொல்லாமல் அந்தச் சுவடிகளைப் பற்றிப் பேசக்கூடாது என்பது என் உறுதி.

1821இல் மெக்கன்சி இறந்தார். அவர் மனைவியிடமிருந்து கம்பெனி எல்லாவற்றையும் விலைக்கு வாங்கியது. சமஸ்கிருத அறிஞர் எச்.எச். வில்சன் 1828இல் போட்ட பட்டியலின் கணக்கில் 1,568 சுவடிகள், 2,070 ஊர் வரலாற்றுக் கட்டுகள், 8,076 கல்வெட்டுப் படிகள். ஒரு பகுதி லண்டன் போனது. தென்மொழிச் சுவடிகள் பல சுற்றுச் சுற்றிச் சென்னைக்கு வந்தன.

வெண்ணாறு, அந்த நாலு இலக்க எண்ணோடு சுவடிகள் நூலகத்துக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். அட்டவணையைப் பார்த்தால் எந்த ஏடு என்று தெரிந்துவிடும்.


பதிவு 15 | கல்வெட்டான்

ஓலைக்கட்டு அவர்களே, அந்த இரு பெயரைச் சொன்னதற்காகவே நன்றி. நான் படித்த எத்தனையோ கட்டுரைகளில் "மெக்கன்சியின் உதவியாளர்கள்" என்று பெயரில்லாமல் கடந்து போயிருக்கிறார்கள்.

அட்டைப்பெட்டி அம்மாவின் பதிவு 9ஐ இரண்டு முறை படித்தேன். "தோற்றது" என்ற என் சொல்லைத் திரும்பப் பெறுகிறேன். எண் புழக்கத்தில் குறைந்தது, அவ்வளவுதான். ஆனால் மாலை போடுவதோடு நிற்கக்கூடாது என்பதில் மாற்றம் இல்லை. அவர் 1957இல் தன் வாழ்நாள் சேமிப்பு ஒரு லட்சம் ரூபாயைச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கே கொடுத்து, மனைவி சாரதாவின் பெயரையும் சேர்த்து நூலக அறிவியலுக்கு ஓர் இருக்கை வைத்தார். அந்தக் காலத்து ஒரு லட்சம். 1948இல் வந்த சென்னை மாகாணப் பொது நூலகச் சட்டத்தின் பின்னாலும் அவர் உழைப்பு இருக்கிறது. சுதந்திர இந்தியாவில் முதல் நூலகச் சட்டம் அதுதான். சொத்துவரி ரசீதை எடுத்துப் பாருங்கள், நூலக வரி என்று தனியாக ஒரு வரி இருக்கும். நாம் எல்லாரும் கட்டுகிறோம். கட்டுகிற பணத்துக்குப் பக்கத்துக் கிளை நூலகம் இரவு வரை திறந்திருக்கிறதா என்று கேட்கலாம். கேட்க வேண்டும். நான் அடுத்த வாரம் எங்கள் வட்ட நூலகத்தில் மனு கொடுக்கிறேன்.


பதிவு 16 | அட்டைப்பெட்டி

கொடுங்கள் ஐயா. கையெழுத்து வேண்டுமென்றால் நானும் போடுகிறேன்.

வெண்ணாறு, இப்போது அந்த அழிந்த எழுத்து. 381:4 மட்டும் வைத்துச் சொல்வது கஷ்டம், ஏனென்றால் கோலனில் முதல் எழுத்துதான் துறை. எழுத்து மாறினால் எண்ணின் அர்த்தமே மாறிவிடும். வரிசையைத் தருகிறேன், நோட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பி கணிதம், சி இயற்பியல், டி பொறியியல், ஈ வேதியியல், எஃப் தொழில்நுட்பம், ஜி உயிரியல், எச் நிலவியல், ஐ தாவரவியல், ஜே வேளாண்மை, கே விலங்கியல், எல் மருத்துவம். அதற்கப்புறம் எம் பயன்கலைகள், என் நுண்கலை, ஓ இலக்கியம், பி மொழியியல் (இது ஆங்கில வரிசையில் ஓவுக்கு அடுத்த பி), க்யூ சமயம், ஆர் தத்துவம், எஸ் உளவியல், டி கல்வி (இது எஸ்ஸுக்கு அடுத்த டி), யு புவியியல், வி வரலாறு, டபிள்யூ அரசியல், எக்ஸ் பொருளாதாரம், ஒய் சமூகவியல், இசட் சட்டம்.

அப்பாவின் கையெழுத்தில் அந்த எழுத்தின் எந்தப் பகுதியாவது தெரிகிறதா? வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பின்பக்கத்திலிருந்தும் பாருங்கள், அந்தக் காலப் பேனா தாளை அழுத்தும்.


பதிவு 17 | வெண்ணாறு

அம்மா, சன்னல் பக்கம் பிடிச்சுப் பார்த்தேன். மேலே ஒரு குறுக்குக் கோடு, கீழே இடது பக்கம் வளையுது. ஷேக்ஸ்பியர் வரியில் இருக்கும் எழுத்தோடு வைச்சுப் பார்த்தேன், அதே வளைவு. ஜே தான்.

ஜே381:4. ஜே வேளாண்மை. 381 என்னம்மா?


பதிவு 18 | அட்டைப்பெட்டி

381 நெல்.

முக்காற்புள்ளிக்கு அப்புறம் வேளாண்மையில் 4 என்றால் நோய். 7 என்று இருந்தால் அறுவடை. உங்கள் அப்பா எடுத்தது நெற்பயிர் நோய் பற்றிய புத்தகம்.

பொருளாதார மாணவர் இதை ஏன் தேடினார் என்று எனக்குத் தெரியவில்லை அம்மா. பாடத்தில் இருந்திருக்க வாய்ப்பில்லை.


பதிவு 19 | வெண்ணாறு

இரண்டு நாள் கழிச்சு எழுதுறேன், மன்னிக்கணும். ஊருக்குப் போய் அத்தையைப் பார்த்துட்டு வந்தேன். அத்தைக்கு எழுபத்தாறு வயசு. நோட்டைக் காட்டி, அப்பா மெட்ராஸில் படிக்கும்போது நம்ம வயல்ல ஏதாவது ஆச்சான்னு கேட்டேன்.

கேட்டதும் அத்தை சொன்னாங்க: "அண்ணன் ரெண்டாவது வருஷம் படிக்கும்போது சம்பாவுல குலைநோய் விழுந்துச்சு. கதிரு கழுத்துல கறுத்து அப்படியே ஒடிஞ்சு தொங்கும். அப்பாவுக்குக் கையும் ஓடல காலும் ஓடல. அண்ணனுக்குக் கார்டு போட்டோம், படிப்ப நிறுத்திட்டு வந்துடவான்னு பதில் வரும்னு பயந்துகிட்டு இருந்தோம். நாலாம் நாள் மெட்ராஸ்லேருந்து கவரு வந்துச்சு. ரெண்டு தாளு, ரெண்டு பக்கமும் எழுதி. யூரியாவ நிறுத்துங்க, தண்ணிய இப்படி வையுங்க, இந்த மருந்தக் கேளுங்கன்னு. நான்தான் அப்பாவுக்குப் படிச்சுக் காட்டுனேன்."

அந்த வருஷம் பாதி வெள்ளாமை மிஞ்சிச்சாம். அப்பா படிப்பையும் முடிச்சாங்க.

நோட்டில் அந்த வரிக்குப் பக்கத்தில் ஒரே ஒரு தேதிதான் இருக்கு. அடுத்த நாள் தேதியில் பாரதி, மூணாவது தடவை.

அந்தக் கடுதாசி பரணில் தாத்தா டிரங்குப் பெட்டியில் இருக்கலாம்னு அத்தை சொல்றாங்க. ஞாயித்துக்கிழமை என் தம்பியை ஏறிப் பார்க்கச் சொல்லியிருக்கேன். ஓலைக்கட்டு ஐயா, சுவடிகள் நூலகத்துக்குக் கடிதம் இன்னிக்குத்தான் போட்டேன். மிச்சம் இருக்கிற எண்களை ஒவ்வொண்ணா நானே பிரிச்சு எழுதிட்டு வர்றேன். வாய்ப்பு இருக்கும்போது சரி பாருங்கம்மா. முதல் பக்கத்தில் இது இருக்கு: எக்ஸ்61.44. பணம், இந்தியா. சரியா?


பதிவு 20 | அட்டைப்பெட்டி

சரி அம்மா. அடுத்ததை எழுதுங்கள்.